ராமநாதபுரம் கடலோரத்தில் பழைய வீடு வாங்கும் முன்: ஆய்வை எந்த வரிசையில் செய்வது?

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, வாலிநோக்கம் என்று கடலை ஒட்டிய ஊர்களில் இருபது முப்பது வருடப் பழைய வீட்டையோ, அதைவிடப் பழைய சுண்ணாம்பு வீட்டையோ வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெரியபட்டினம் பக்கம் அப்படியொரு வீட்டை நான் ஆய்வு எதுவும் செய்யாமல் வாங்கினேன். புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்த கூரைக்குக் கீழே உட்கார்ந்துதான் அட்வான்ஸ் கொடுத்தேன். முதல் ஐப்பசி மழை முடிந்த வாரத்தில் படுக்கையறைக் கூரையிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து கட்டில்மேல் விழுந்தது. அன்று பிள்ளைகள் அவர்களுடைய அப்பத்தா வீட்டில் இருந்தார்கள். அதன் பிறகு உறவினர், நண்பர் என்று எட்டு வீடுகளுக்கு ஆய்வின்போது கூடவே போயிருக்கிறேன். பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். செய்ய வேண்டியவற்றை முன்பின்னாகச் செய்வதுதான் அதில் முக்கால்வாசி.

1. யாரைக் கூப்பிட வேண்டும்?

"சர்வேயர் வந்து பார்த்துட்டாருண்ணே" என்று ஒருவர் நிம்மதியாகச் சொன்னார். வந்தவர் நிலத்தை அளந்துவிட்டுப் போயிருந்தார். வீட்டுக்குள் அவர் காலே வைக்கவில்லை. இந்தக் குழப்பம் பரவலாக இருப்பதால் முதலிலேயே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

நில அளவர் மனையின் எல்லையைச் சொல்வார். வழக்கறிஞர் பத்திரம் சுத்தமா என்று சொல்வார். வங்கியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர், இந்தச் சொத்தை நம்பி எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று வங்கிக்குச் சொல்வார். அவர் அரை மணி நேரம் இருந்து நாலு படம் எடுத்துக்கொண்டு போவது அந்த வேலைக்குப் போதும், உங்களுக்குப் போதாது. கூரைக்குள் கம்பி எப்படி இருக்கிறது, சுவர் ஏன் ஈரமாக இருக்கிறது, சரிசெய்ய என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியவர் கட்டடப் பொறியாளர், அதிலும் பழைய கட்டடங்களைப் பார்த்துப் பழகிய ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்.

நல்ல கொத்தனாரின் கண்ணை நான் மதிக்கிறேன். ஆனால் வேலை கிடைத்தால் செய்யப் போகிறவரிடமே வேலை தேவையா என்று கேட்பது சரியாக வராது. கொத்தனாரைப் பொறியாளருக்குப் பிறகு, செலவுக் கணக்குக்குக் கூப்பிடுங்கள்.

ஊரிலேயே பொறியாளர் இல்லாவிட்டால் ராமநாதபுரத்திலோ மதுரையிலோ தேடுங்கள். சில பொறியியல் கல்லூரிகளின் சிவில் துறைகள் கட்டணம் வாங்கிக்கொண்டு கான்கிரீட் பரிசோதனை செய்து தருகின்றன. பேசும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: கடலோர வீடுகளைப் பார்த்திருக்கிறீர்களா, அறிக்கை எழுத்தில் படத்தோடு தருவீர்களா, பரிசோதனைக்குத் தனிக் கட்டணமா? விற்பவரோ தரகரோ சிபாரிசு செய்யும் ஆள் வேண்டாம். அவர் கெட்டவர் என்பதால் இல்லை, அவருக்கு அடுத்த வேலை எங்கிருந்து வரும் என்பதால்.

2. அட்வான்ஸுக்கு முன்பா, பின்பா?

முன்பு. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒரு லட்சமோ ஐந்து லட்சமோ கைமாறிய பிறகு அறிக்கையில் என்ன வந்தாலும், "கொடுத்த பணம் போய்விடுமே" என்ற எண்ணத்தோடுதான் அதைப் படிப்போம். நான் அப்படித்தான் படித்திருப்பேன். விற்பவரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: "வீடு புடிச்சிருக்கு. ஒரு இன்ஜினியரை வச்சுப் பார்த்துட்டு வந்து பேசுறேன், ஒரு வாரம் டயம் கொடுங்க." பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள். வேறு ஆள் வந்துவிடுவாரே என்ற பயம் இருந்தால் சின்னத் தொகை கொடுத்து, ஆய்வில் குறை வந்தால் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

ஆய்வே கூடாது என்று மறுத்தவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டை நாங்கள் விட்டுவிட்டோம்.

3. வீட்டைப் பார்க்கும் முன் காகிதம்

பொறியாளருக்குக் கட்டணம் கொடுத்துவிட்டு, அப்புறம் மனை புறம்போக்கு என்று தெரிந்தால் அந்தப் பணம் வீண். அதனால் காகிதம் முதலில். வேண்டியவை: தாய்ப்பத்திரத்திலிருந்து இன்று வரையான பத்திரங்கள், பட்டா, புலப்படம் (மனையின் அளவையும் எல்லையையும் காட்டும் நில அளவை வரைபடம்), வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, கட்டட அனுமதி இருந்தால் அது.

கிராமத்துப் பழைய வீடுகள் பலவும் நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலத்தில் இருக்கும். பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறதா, இறந்துபோன தாத்தா பெயரிலேயே கிடக்கிறதா என்று பாருங்கள். தாத்தா பெயர் என்றால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். சிங்கப்பூரிலும் சவூதியிலும் இருக்கும் பங்காளிகளும் இதில் சேர்த்திதான். அரசு ஒப்படைத்த இலவச மனை என்றால் விற்பனைக்கு நிபந்தனை இருக்கும், ஒப்படை ஆணையை வாங்கிப் படிக்க வேண்டும்.

வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம், பல அலுவலகங்களுக்கு 1975 முதல் கிடைக்கிறது. அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். நிலத்தின் வகைப்பாட்டை கிராம 'அ' பதிவேட்டில் பாருங்கள். கோவில் நிலம், வக்ஃபு நிலம், புறம்போக்கு எல்லாம் இந்தக் கடற்கரையில் ஊருக்குள்ளேயே கலந்து கிடக்கின்றன. "அம்பது வருஷமா இங்கதான் இருக்கோம்" என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது பட்டா ஆகாது.

4. நிலத்தை அளப்பது

பழைய பத்திரத்தில் "கிழமேலடி இத்தனை, தென்வடலடி இத்தனை" என்று இருக்கும், பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், சுமார் 2.47 சென்ட். 1 சென்ட் 435.6 சதுர அடி. இரண்டையும் சதுர அடிக்கு மாற்றி ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால், அளக்கும் முன்பே விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

அரசு நில அளவருக்கான மனுவைப் பட்டாதாரர்தான் கொடுக்க வேண்டும். வாங்கப் போகிற நீங்கள் கொடுக்க முடியாது. இது தெரியாமல் இரண்டு வாரம் அலைந்தவர்கள் உண்டு. விற்பவரை இணையம் வழியாகவோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தேதி கிடைக்க நாளாகும் என்பதால் இந்த மனுவை முதல் நாளே போட வைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்க்கலாம். அவசரம் என்றால் உரிமம் பெற்ற தனியார் அளவரை வைத்து அளந்து பார்க்கலாம், ஆனால் அது உங்கள் தெளிவுக்கு மட்டும்.

அளக்கும்போது நேரில் இருங்கள், பக்கத்து வீட்டுக்காரர்களையும் இருக்கச் சொல்லுங்கள். கவனிக்க வேண்டியவை: சன்ஷேடும் படிக்கட்டும் எல்லைக்குள் இருக்கின்றனவா, பொதுச்சுவர் யாருடையது, கொல்லைப்புறக் கக்கூஸ் யார் இடத்தில் இருக்கிறது, வீட்டுக்கு வரும் சந்து பத்திரத்தில் பாதையாக எழுதப்பட்டிருக்கிறதா. புலப்படத்தில் ஓடையோ வாய்க்காலோ மனையைத் தொட்டுப் போனால் அதைத் தரையில் தேடிப் பாருங்கள். மேலே மண் போட்டு மூடியிருப்பார்கள். மழைத் தண்ணீர் பழைய வழியிலேயேதான் வரும்.

5. கடலிலிருந்து எவ்வளவு தூரம்?

உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லை) நிலப்பக்கம் 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். கிராமப் பகுதிகளில் 2011 அறிவிக்கைப்படி முதல் 200 மீட்டர் கட்டுமானம் கூடாத பகுதி. 2019 அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமங்களுக்கு மட்டும் அதை 50 மீட்டராகக் குறைத்தது. மனை எந்த வகையில் வருகிறது என்பதைக் கடலோர மண்டல மேலாண்மை வரைபடத்தில் பார்க்க வேண்டும்.

கட்டுமானம் கூடாத அந்தப் பகுதிக்குள் அனுமதியோடு ஏற்கெனவே இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கலாம், தரைப்பரப்பு கூடாமல் திரும்பக் கட்டலாம். பெரிதாக்க முடியாது. பழைய வீட்டை இடித்துவிட்டு இரண்டு மாடி போடலாம் என்ற கணக்கில் வாங்குபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறியாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குடியிருக்க மட்டும் என்றால் அவர் பார்க்கும் விதம் வேறு, மேலே மாடி எடுக்க வேண்டும் என்றால் வேறு.

6. எந்த மாதத்தில் பார்ப்பது?

நம் மாவட்டத்துக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். கூரையையும் சுவரின் ஓதத்தையும் பார்க்க மழை நின்று இரண்டு மூன்று நாள் ஆன சமயம் மிக நல்லது. தை மாதம் வெள்ளையடித்துவிடுவார்கள், சித்திரையில் எல்லாம் காய்ந்து குறையே இல்லாததுபோல் தெரியும். கிணற்றுத் தண்ணீருக்கோ நேர்மாறு. மழை முடிந்ததும் எல்லாக் கிணறும் இனிக்கும், ஆடி, ஆவணியில்தான் உண்மையான உப்பு தெரியும்.

இரண்டு பருவமும் காத்திருக்க எல்லோராலும் முடியாது. கோடையில் வீடு பார்த்தால் மாடியில் தண்ணீர் தேக்கி ஒரு நாள் வைத்துப் பார்க்க முடியுமா என்று பொறியாளரைக் கேளுங்கள். பலவீனமான கூரைமேல் தண்ணீர் ஏற்றுவது ஆபத்து, அதனால் அவர் சரி என்றால் மட்டும். மழைக்காலத்தில் பார்த்தால் தண்ணீரைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

தெருவில் வயதான அம்மா ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அவரிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள். உச்சிப்புளி பக்கம் ஒரு வீட்டுக்கு நாங்கள் அளவுகோலும் கையுமாக நின்றபோது, எதிர்வீட்டுப் பாட்டி சொன்னது: "மழ பேஞ்சா அந்த வீட்டு ரெண்டாம் படி வரைக்கும் தண்ணி நிக்கும்ப்பா. ரோட்ட ஒசத்திட்டாங்கல்ல." அதன் பிறகுதான் பொறியாளர் மட்டக்குழாய் பிடித்துப் பார்த்தார். வீட்டுத் தரை ரோட்டைவிட எட்டு அங்குலம் கீழே இருந்தது.

7. ஆய்வு நாளுக்கு முன் தயார் செய்ய வேண்டியவை

பொறியாளர் வந்து நிற்கும்போது ஒரு அறை பூட்டியிருக்கும், சாவி மதுரையில் இருக்கும். மாடிக்குப் படி இருக்காது, ஏணியும் இருக்காது. இதனால் அறிக்கையில் "பார்க்க இயலவில்லை" என்று எழுத வேண்டி வரும். அப்படிப் பார்க்காமல் விட்ட அறையில்தான் செலவு ஒளிந்திருக்கும்.

முதல் நாளே போன் செய்து எல்லா அறைச் சாவியும், ஏணியும், மின்சாரமும், மோட்டார் ஓடும் நிலையும் இருக்கட்டும் என்று சொல்லுங்கள். சுவரோடு ஒட்டிய பீரோ, நெல் குதிர், அட்டைப்பெட்டிகளை ஒரு அடி நகர்த்தி வைக்கக் கேளுங்கள். பரண் இருந்தால் அதன் மேல் உள்ளதையும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும். கான்கிரீட்டில் துளை போடவும், அஸ்திவாரத்தை ஒட்டி ஒரு சின்னக் குழி தோண்டவும் அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். நீங்கள் கொண்டுபோக வேண்டியது: நல்ல டார்ச், டேப், சின்னச் சுத்தியல், கூரான ஸ்க்ரூ டிரைவர், டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் சின்னக் கருவி), நோட்டு.

காலை வெயில் ஏறும் முன் தொடங்குங்கள். பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் சுவரின் உப்பலும் விரிசலும் நன்றாகத் தெரியும். ஆய்வு முடியும் வரை நீங்களும் கூடவே இருங்கள். அவர் தட்டும் இடத்தில் நீங்களும் தட்டிக் கேட்டால், அறிக்கை கைக்கு வரும்போது ஒவ்வொரு வரியும் புரியும்.

8. கான்கிரீட் வீடு என்றால்

பலர் நினைப்பதற்கு மாறாக, இந்தக் கடற்கரையில் நான் அதிகம் பயப்படுவது எண்பது வருடச் சுண்ணாம்பு வீட்டுக்கு இல்லை. 1980, 90களில் கட்டிய தளம் போட்ட வீட்டுக்குத்தான். அந்தக் காலத்தில் பல இடங்களில் கிடைத்த உவர்க் கிணற்றுத் தண்ணீரிலேயே கலவை போட்டார்கள், பக்கத்தில் கிடைத்த மணலையே அள்ளினார்கள். உப்பு உள்ளேயே இருக்கிறது, காற்றும் வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்கிறது. மண்டபம் பக்கத்து உப்புக்காற்று இரும்பை எவ்வளவு வேகமாகத் தின்னும் என்பதற்குப் பழைய பாம்பன் ரயில் பாலமே சாட்சி. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் துரு ஆராய்ச்சிக்கென்று மண்டபத்தில் தனி மையமே வைத்திருக்கிறது.

கம்பி துருப்பிடித்தால், அந்தத் துரு தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைக்கும். அந்த உப்பல் கான்கிரீட்டைக் கீழே தள்ளும். கம்பிக்குக் கீழே இருக்கும் மூடுகனத்தை 'கவர்' என்பார்கள். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456, கடலோரச் சூழலைக் 'கடுமையான' வகையில் வைத்து 45 மில்லிமீட்டர் கவர் கேட்கிறது. பழைய வீட்டுத் தளங்களில் அதில் பாதிகூட இருப்பதில்லை.

எங்கே பார்ப்பது? சன்ஷேடின் அடிப்பகுதி, குளியலறைக் கூரை, மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே உள்ள இடம், கடலைப் பார்த்த பக்கத்துத் தூண்கள். தெற்குக் கரையில் கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும் பக்கமும், வடக்குக் கரையில் வாடை அடிக்கும் பக்கமும் முதலில் போகும். கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக விரிசல் இருந்தால், பழுப்புக் கறை கசிந்திருந்தால், உள்ளே துரு தொடங்கிவிட்டது. கூரையைக் கம்பால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் 'டங்' என்று கேட்கும், விட்டுப்போன இடத்தில் 'பொத்' என்று கேட்கும். அதைச் சாக்பீஸால் வட்டம் போட்டுப் படம் எடுங்கள்.

புதுப் பூச்சும் புதுப் பெயிண்டும் ஒரே அறையில் மட்டும் இருந்தால், அந்த அறையில் இருமடங்கு நேரம் செலவிடுங்கள். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் ஒரு பலகையையாவது கழற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். என் வீட்டில் பெயிண்ட்டுக்கு மேலே ஒரு தடவை தட்டியிருந்தால் போதும்.

பொறியாளர் செய்யக்கூடிய பரிசோதனைகளில் மூன்றைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, ரீபவுண்ட் ஹாமர்: கான்கிரீட் மேற்பரப்பின் கடினத்தைச் சொல்லும், இடத்துக்கு இடம் ஒப்பிட உதவும். இரண்டு, பினாப்தலீன்: புதிதாக உடைத்த இடத்தில் தெளித்தால் காரத்தன்மை உள்ள கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும், அதை இழந்தது நிறம் மாறாது. மூன்று, குளோரைடு: துளை போட்டு எடுத்த தூளில் உப்பின் கூறான குளோரைடு எவ்வளவு என்று ஆய்வகத்தில் பார்ப்பது.

இளஞ்சிவப்பு வந்ததும் "கான்கிரீட் நல்லா இருக்கு" என்று கிளம்பிவிடுகிறார்கள். கடலோரத்தில் அது பாதிப் பதில்தான். காரம் நன்றாக இருந்தாலும் குளோரைடு கம்பியை எட்டிவிட்டால் துருப்பிடிக்கும். அதனால் இங்கே மூன்றாவது பரிசோதனையை விடாதீர்கள். கம்பி இருக்கும் ஆழத்திலிருந்து தூள் எடுக்கச் சொல்லுங்கள், மேற்பூச்சுத் தூளால் பயன் இல்லை.

9. சுண்ணாம்பு, கடற்கல், பனைமர வீடு என்றால்

கீழக்கரை, பெரியபட்டினம், பாம்பன் பக்கத்துப் பழைய சுவர்களில் கடற்கல் எனப்படும் பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்புக் காரையும் இருக்கும். இவற்றில் துருப்பிடிக்கக் கம்பி இல்லை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் கூரை போனாலும் இப்படிப்பட்ட சுவர்கள் இன்னும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இதைப் புரிந்துகொண்டால் எதைத் தேட வேண்டும் என்பது தெளிவாகும்: சுவரைவிடக் கூரையையும், கூரை சுவரில் உட்காரும் இடத்தையும்.

பனை உத்திரத்தின் நடுப்பகுதி வைரம் பாய்ந்து இரும்பாக நிற்கும், சுவருக்குள் போகும் முனை மக்கிப்போயிருக்கும். ஈரம் தங்குவது அங்கேதான். ஸ்க்ரூ டிரைவரால் அந்த முனையைக் குத்திப் பாருங்கள், மாவு போல இறங்கினால் அந்த உத்திரத்தை மாற்ற வேண்டும். கறையான் மண்கோடு சுவரில் ஏறுகிறதா என்று நிலைக்கால், பரண், சாமி அலமாரி பின்பக்கம் எல்லாம் பாருங்கள். மண்கோட்டை உடைத்துப் பார்த்து உள்ளே உயிருள்ள கறையான் இருந்தால் தாக்குதல் இப்போதும் நடக்கிறது. காலியாக இருந்தாலும் மரத்தைத் தட்டிப் பார்க்காமல் விடாதீர்கள்.

ஓட்டு வீடு என்றால் ஓடு விழுவதைவிட, சட்டங்கள் சுவரோடு கட்டப்பட்டிருக்கின்றனவா என்பது முக்கியம். புயல் காற்று கூரையை மேலே தூக்கும். வெறுமனே உட்கார்ந்திருக்கும் கூரையை இரும்புப் பட்டை வைத்துக் கட்ட எவ்வளவு ஆகும் என்று அறிக்கையில் கேளுங்கள்.

சுவரில் கீழ் மூன்றடிக்குக் காரை பொரிந்து உதிர்கிறதா? தரையிலிருந்து உவர் நீர் ஏறி, காய்ந்து, உப்பு படிகமாகிக் காரையைத் தள்ளுகிறது. இதை மறைக்க அந்த மூன்றடிக்கு மட்டும் சிமெண்ட் பூசுவார்கள், அல்லது கூடத்துச் சுவரில் நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டுவார்கள். சிமெண்ட் பூச்சு ஈரத்தை வெளியே விடாது, ஈரம் இன்னும் மேலே ஏறி டைல்ஸுக்கு மேல் பொரியத் தொடங்கும். கூடத்தில் காரணமில்லாமல் டைல்ஸ் பார்த்தால் அதன் மேல்விளிம்பைத் தடவிப் பாருங்கள். சரிசெய்ய சிமெண்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சே பூச வேண்டும், அது தெரிந்த கொத்தனார்கள் இப்போது குறைவு. அதையும் செலவிலும் காலத்திலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: உடைந்த கடற்கல்லுக்கு அதே கல் இனிக் கிடைக்காது. பவளங்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வந்துவிட்டன, எடுப்பது குற்றம். மாற்றாக என்ன வைக்கலாம் என்று பொறியாளர் எழுதித் தர வேண்டும். கெட்டியான சிமெண்ட் கலவையை இந்த மென்மையான கல்லுக்கு நடுவே திணித்தால் பக்கத்துக் கல் உதிரும்.

விரிசலைப் பற்றிச் சுருக்கமாக. பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழை விரிசல் பெரிதில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போய், சுவரின் இரண்டு பக்கமும் தெரிவது அஸ்திவாரம் இறங்கியதன் அறிகுறி. பென்சிலால் இரு முனையிலும் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள், ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஓடுகிறதா என்று தெரியும்.

10. தண்ணீர், கழிவுத்தொட்டி, கரண்ட்

கிணற்று நீரை மோட்டார் அரை மணி நேரம் ஓடிய பிறகு அளக்க வேண்டும், வாளியில் முதலில் வருவதை இல்லை. கடலோர மணலில் நல்ல தண்ணீர் உவர் நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கையால் இறைத்தவரை இனித்த கிணறு, மோட்டார் போட்டதும் உவர்த்துப் போவது அதனால்தான். கரைந்த உப்புக்கு, குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை. மீட்டர் காட்டும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் தெருவுக்கு வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று அக்கம்பக்கத்துப் பெண்களிடம் கேட்டால்தான் சரியான பதில் வரும். வீட்டைச் சரிசெய்யக் கலவைக்கும் இதே தண்ணீரைப் பயன்படுத்தலாமா என்று சோதித்துக்கொள்ளுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

கழிவுத்தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்க யாருக்கும் மனம் வராது, ஆனாலும் பாருங்கள். அடி பூசாத உறைக்குழி என்றால் மணலில் கழிவு நேரே கிணற்றுக்குப் போகும். உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர் இருக்க வேண்டும். உங்கள் குழியை மட்டும் பார்த்தால் போதாது, பக்கத்து வீட்டுக் குழி உங்கள் கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதையும் அளந்து பாருங்கள்.

கரண்ட்டில் எர்த் வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து அளக்கச் சொல்லுங்கள். உப்பு மண்ணில் எர்த் கம்பி அரித்துப்போய் வெறும் பெயருக்கு இருக்கும்.

11. அறிக்கையை எப்படி வாசிப்பது

நல்ல அறிக்கையில் ஒவ்வொரு குறைக்கும் இடம், படம், காரணம், செய்ய வேண்டியது, உத்தேசச் செலவு ஐந்தும் இருக்கும். குறைகளை மூன்றாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்: குடிபோகும் முன் செய்ய வேண்டியவை, இரண்டு வருடத்துக்குள் செய்யலாம் என்பவை, கவனித்துக்கொண்டிருந்தால் போதும் என்பவை. "பொதுவாக நல்ல நிலையில் உள்ளது" என்று மட்டும் எழுதி முத்திரை குத்தித் தந்தால் அதை ஏற்காதீர்கள்.

முதலில் "பார்க்க இயலாதவை" என்ற பகுதியைப் படியுங்கள். அங்கே முக்கியமான இடம் எதுவும் இருந்தால் இன்னொரு முறை வரச் சொல்லுங்கள். அப்புறம் அவரிடம் நேரில் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க தம்பி வாங்குறதா இருந்தா என்ன விலைக்கு வாங்கச் சொல்வீங்க?" எழுத்தில் வராத பல விஷயங்கள் அந்தப் பதிலில் வரும்.

நீண்ட குறைப்பட்டியலைப் பார்த்துப் பயந்து நல்ல வீட்டை விட்டவர்களும் இருக்கிறார்கள். பழைய வீட்டில் முப்பது குறை இருப்பது இயல்பு. எண்ணிக்கையைவிட, தளம், அஸ்திவாரம், தண்ணீர் இந்த மூன்றில் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. கூரைத் தளம் முழுக்கப் போய்விட்டது என்றால் அந்த வீட்டுக்கு மனை விலை மட்டும் கொடுங்கள், அதிலும் இடிக்கும் செலவைக் கழித்துக்கொள்ளுங்கள்.

12. விலையும் ஒப்பந்தமும்

அறிக்கையை விற்பவர் முன் போட்டு "உங்க வீடு ஓட்டை" என்று பேசாதீர்கள். அவர் பிறந்து வளர்ந்த வீடாக இருக்கும். செலவு வரும் இரண்டு மூன்று விஷயங்களை மட்டும், கொத்தனாரிடம் வாங்கிய கணக்கோடு எடுத்துச் சொல்லுங்கள். "அண்ணே, இந்தத் தளத்தைப் பிரிச்சுப் போட இவ்வளவு ஆகும்னு சொல்றாங்க, பாதியாவது விலையில கழிச்சுக்குவோம்" என்று கேட்டால் பேச்சு நகரும். கீழக்கரையில் ஒரு காக்கா (அங்கே முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) படங்களைப் பார்த்துவிட்டு, தாமே விலையைக் குறைத்தார். அவருக்கே அதுவரை தெரியாத பழுது அது.

விற்பவரே சரிசெய்து தருகிறேன் என்றால் யோசித்துச் சம்மதியுங்கள். விற்கப் போகும் வீட்டுக்குச் செய்யும் வேலை பூச்சு வேலையாகவே முடியும். விலையைக் குறைத்து வாங்கி, நீங்களே செய்வது நல்லது.

கிரய ஒப்பந்தத்தில் புலப்பட அளவு, கிணறு, பாதை உரிமை, மின் இணைப்பு எண், காலி செய்து தரும் தேதி எல்லாம் வர வேண்டும். தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும், வெறும் ஸ்டாம்ப் பேப்பர் போதாது. நில அளவு இன்னும் முடியவில்லை என்றால், அளந்து வரும் பரப்புக்கு ஏற்ப விலை மாறும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

பத்திரப் பதிவன்று காலையில் இன்னொரு முறை வீட்டுக்குப் போய்ச் சுற்றி வாருங்கள். நிலைக்கதவு, தேக்கு ஊஞ்சல், மோட்டார் ஆகியவை ஆய்வு நாளில் எடுத்த படத்தில் இருந்தபடியே இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கிளம்புங்கள்.